யாழ்ப்பாணத்திலிருந்து நீர்வீழ்ச்சிக்கு: காட்டுப்பாதையில் நடந்து போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாரி முடிந்த கையோடு எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் மேலே ஏறி நிற்கும். சித்திரை வந்தால் கயிற்றின் கடைசி முடிச்சுவரை விட வேண்டும். கோண்டாவிலில் வளர்ந்த எனக்குத் தண்ணீர் என்றால் இவ்வளவுதான் தெரிந்திருந்தது. அது ஓரிடத்தில் நிற்கும், நாங்கள் போய் அள்ளுவோம். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை அதன் வெடிப்புகளுக்குள் இறங்கிப் போய்விடுகிறது, மேலே ஆறாக ஓட மிஞ்சுவதில்லை. வழுக்கையாறு ஒன்று உண்டு, அதுவும் மாரியில் மட்டும். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. தண்ணீர் விழுவதற்கு இடம் ஏது?

ஆகவே நீர்வீழ்ச்சி பார்க்க ஆசைப்பட்டால் ஆனையிறவைத் தாண்டி மலையகம் போகத்தான் வேண்டும். சொந்தக்காரர், அயலவர் என்று ஒரு வானுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேலாகப் போய்வருகிறேன். இத்தனை பயணத்தில் நான் கண்ட விஷயம் ஒன்று. கீரிமலைக் கேணியில் குதித்து நீந்துகிற பிள்ளைகள்தான் ஓடும் தண்ணீரில் முதலில் மாட்டுகிறார்கள். நீச்சல் தெரியும் என்ற தைரியம்தான் காரணம். நிற்கிற தண்ணீருக்கு ஆழம் பார்த்தால் போதும். ஓடுகிற தண்ணீருக்கு வேகம், நிறம், சத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியில் எப்போது போவது, எங்கே போவது, என்ன கொண்டுபோவது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். தண்ணீரைப் பார்க்கிற பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

முதல் வேலை: காற்றைப் பார்த்து மாதத்தைத் தீர்மானியுங்கள்

எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி முதல் மார்கழி வரை. அந்தக் கணக்கை மலையகத்துக்குக் கொண்டுபோனால் பிழையாகிவிடும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோழகம் எங்கள் பனையோலைகளைக் காயக் காய அடிக்கிறதே, அதே பருவக்காற்று தெற்கே மலைகளின் மேற்குச் சரிவில் முட்டி மழையாகக் கொட்டுகிறது. ஹட்டன், கினிகத்தேனை, தலவாக்கலை, இரத்தினபுரிப் பக்கமெல்லாம் அப்போதுதான் அருவிகள் நிறையும். வாடை வீசும் மார்கழி தொடக்கம் மாசி வரை கிழக்குச் சரிவின் முறை. பதுளைப் பக்கமும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் புறமும் அந்த மாதங்களில் நனையும்.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறையில் போகிறீர்களா? தலவாக்கலைப் பக்கத்து டெவன், செயின்ட் கிளேயர் முதலானவை நன்றாக ஓடும். ஆனால் மேற்குச் சரிவின் காட்டுப்பாதைகள் சேறும் அட்டையுமாக இருக்கும். கிழக்கில் தியலுமாவோ மெலிந்து நூலாகத் தொங்கும். தைப்பொங்கல் கழிந்து இரண்டு மூன்று கிழமை விட்டுப் போனால் பதுளைப் பக்கத்தில் தண்ணீரும் இருக்கும், மழையும் குறைந்திருக்கும், பாதையும் ஓரளவு காய்ந்திருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது அந்தக் காலத்தைத்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானம் திரும்பியதும் இடியோடு மழை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் விடியவே நடந்து, மதியச் சாப்பாட்டுக்கு வீதிக்கு வந்துவிட வேண்டும்.

மாதம் சரி என்றாலும், வெளிக்கிட முந்தின இரண்டு நாளும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள். கூடவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். எங்கள் ஊரில் அதைப் பார்க்கும் வழக்கமே இல்லை, ஏனென்றால் இங்கே சரிவதற்கு மண்மேடு இல்லை. மலையகத்தில் அது உயிர்ப்பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயன்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் வீதிகளும் ரயில் பாதைகளும் ஊர்களும் அறுந்து போயின. பழைய படங்களையும் பழைய பயணக்குறிப்புகளையும் நம்பி ஒரு பாதையில் இறங்காதீர்கள். நீங்கள் போகும் இடத்தில் தங்குமிடம் நடத்துகிறவரை முதல்நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "பாதை திறந்திருக்கிறதா, மேலே மழையா" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். மஞ்சளோ செம்மஞ்சளோ சிவப்போ, எந்த எச்சரிக்கை இருந்தாலும் நான் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுவேன். வான்காரருக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

இரண்டாவது: எந்த நீர்வீழ்ச்சி

இலங்கையில் ஆக உயரமானது பம்பரகந்தை, 263 மீற்றர். முப்பது மீற்றர் வளர்ந்த முதிர்ந்த பனைகள் ஒன்பதை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் கிட்டத்தட்ட வருகிற உயரம். அதனால் எல்லாரும் முதலில் அங்கே போகத்தான் ஆசைப்படுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

முதல் பயணத்துக்குத் துன்ஹிந்த. பதுளை நகரிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து கிலோமீற்றர். வீதியில் இறங்கி ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு காட்டோரப் பாதையில் நடக்க வேண்டும். படிகள் கட்டியிருக்கிறார்கள், வழியில் கடைகள் உண்டு, அம்மம்மாவையும் மெதுவாகக் கூட்டிப்போகலாம். போகிற வழியில் கீழே பள்ளத்தில் சின்னத் துன்ஹிந்த தெரியும். அங்கே கொஞ்சம் நின்று மூச்சு வாங்குங்கள். பெரியது 64 மீற்றர். பதுளு ஓயா பாறையிலிருந்து விழுந்து சிதறிப் புகைபோல எழும்பும். சிங்களத்தில் அந்தப் பெயரே புகையைக் குறித்து வந்ததுதான். கண்ணாடி போட்டவர்கள் துடைக்கத் துணி வைத்திருங்கள். குரங்குகள் பையைப் பறிக்கும், சாப்பாட்டைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்தாருக்குக் கிட்டவாக ஒன்று வேண்டுமென்றால் மாத்தளை மாவட்டத்தில் லக்கலைப் பக்கத்துச் சேர எல்ல. ஏ9 வீதி வழியே தம்புள்ளைவரை வந்து மலைப்பக்கம் திரும்பிவிடலாம், கண்டிக்குப் போகத் தேவையில்லை. உயரம் பெரிதாக இல்லை. ஆனால் விழுகிற தண்ணீருக்குப் பின்னால் ஒரு குகை இருக்கிறது. அதற்குள் நின்று தண்ணீர்த் திரையூடாக வெளியே பார்க்கும்போது பிள்ளைகள் பேச்சில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கூடின நாளில் அந்தக் குகைக்குள் போகக்கூடாது.

இரண்டாவது பயணத்துக்குப் பம்பரகந்தையும் ஹோட்டன் சமவெளியும். பம்பரகந்தைக்குக் கொழும்பு–பதுளை வீதியில் களுப்பஹானையில் திரும்பி, ஒடுங்கிய மலைவீதியில் நாலைந்து கிலோமீற்றர் ஏற வேண்டும். பெரிய வான் என்றால் கீழே விட்டுவிட்டு ஆட்டோ பிடியுங்கள். நடை குறைவுதான். தண்ணீர் குறைந்த மாதங்களில் போனால் பாறையில் ஈரக்கோடு மட்டும் தெரியும். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சேர்த்துச் சுற்றிவர ஒன்பது கிலோமீற்றரளவு. பேக்கர் நீர்வீழ்ச்சி 20 மீற்றர்தான், ஆனால் அதுவரை போகிற புல்வெளியும் பாசி தொங்கும் குள்ள மரங்களும் வேறெங்கும் இல்லாதவை. விடிய ஆறு மணிக்கே வாசலில் நில்லுங்கள், ஒன்பது பத்து மணிக்குப் பிறகு பனிமூட்டம் வந்து உலக முடிவை மூடிவிடும். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டை வாழையிலையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ கட்டிக்கொண்டு போங்கள். மரைகள் கிட்ட வந்து நிற்கும், ஒன்றும் கொடுக்காதீர்கள். குளிக்கத் தடை.

மூன்றாவது தடவைக்கு மேல்தான் தியலுமாவின் மேல்பக்கம். 220 மீற்றர் நீர்வீழ்ச்சியின் அடியை வெல்லவாய–கொஸ்லந்தை வீதியிலிருந்தே பார்க்கலாம். மேலே இருக்கும் குளங்களுக்குப் பூனாகலைப் பக்கமாகப் போய், ஆளுயர மானாப்புல்லுக்குள்ளால் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் இறங்க வேண்டும். இடம் மிக வடிவு. பாறை விளிம்பில் கம்பியோ தடுப்போ இல்லை. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகமாட்டேன். எல்லயிலிருந்து வெல்லவாய போகும் வீதியோரத்து இராவணன் நீர்வீழ்ச்சியில் நடையே இல்லை, வானில் இருந்தே பார்க்கலாம். அங்கே பாறைகளில் ஏறிப் படம் எடுக்கப் போய் உயிர்விட்டவர்கள் உண்டு. நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது: போய்ச் சேருவது

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி ஏ9 வழியாக 321 கிலோமீற்றர். பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் என்று வையுங்கள். ரயில் என்றால் பொல்காவலையில் மாற வேண்டும். மலைநாட்டுப் பாதை அன்றைக்கு எதுவரை ஓடுகிறது என்று முதலே விசாரியுங்கள். வான் பிடித்தால் இரவு முழுக்க ஓடிய சாரதியை விடிய மலைவீதியில் ஓடவிடாதீர்கள். மாத்தளையிலோ கண்டியிலோ ஓர் இரவு தங்குங்கள். எங்கள் பக்கத்துச் சாரதிகள் நேர்வீதியில் கெட்டிக்காரர். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்னக் கியரில் இறங்கப் பழகினவரா என்று கேட்டுத்தான் நான் ஆளைத் தெரிவு செய்கிறேன். வளைவுகளில் சத்தி எடுக்கிற பிள்ளைகளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காமல், முன் இருக்கையில் இருத்தி, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது: என்ன கொண்டுபோவது

றபர் செருப்போடு போகாதீர்கள். இதை ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஒருவர் செருப்போடு வருகிறார். செருப்பு ஈரப்பாறையில் சவர்க்காரம் போல வழுக்கும், சேற்றில் வார் அறும். அடியில் ஆழமான வெட்டுகள் உள்ள பழைய கான்வஸ் சப்பாத்துப் போதும். புதுச் சப்பாத்து என்றால் ஒரு கிழமை முன்னமே ஊரில் போட்டு நடந்து பழக்குங்கள். டெனிம் நனைந்தால் கல்லாகக் கனக்கும், இலகுவாகக் காயும் நீளக் காற்சட்டை நல்லது. நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கம் தை மாசியில் விடியற்காலைக் குளிர் எங்கள் உடம்புக்கு ஒத்துவராது. குல்லாவும் தடித்த சுவெற்றரும் வேண்டும்.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். ஓடைத் தண்ணீர் தெளிவாக இருக்கிறதென்று குடிக்க வேண்டாம், மேலே தோட்டமும் ஊரும் இருக்கும். சாப்பாட்டில் எங்கள் ஊர்ச் சாமானே சிறந்தது. பனங்கட்டித் துண்டு, எள்ளுருண்டை, சம்பல் வைத்த ரொட்டி. நடந்து களைத்தவருக்கு ஒரு துண்டு பனங்கட்டி கொடுத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் எழும்பிவிடுவார். கைத்தொலைபேசிக்கு ஒட்டும் பை, சின்ன விசில், பஞ்சும் கட்டுத்துணியும், ஆளுக்கு ஒரு மாற்று உடுப்பு. விசில் ஏனென்றால் அருவிக்குப் பக்கத்தில் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் பத்தடி தள்ளி நிற்பவருக்குக் கேட்காது.

ஐந்தாவது: பாதையில்

நடப்பவர்களில் ஆக மெதுவானவரை முன்னுக்கு விடுங்கள். கடைசி ஆளாகப் பாதை தெரிந்த ஒருவர் வரவேண்டும். எங்கள் ஆட்கள் இளந்தாரிகளை முன்னே ஓடவிட்டுவிட்டு, பின்னால் வருகிற பெரியவர்களை மறந்துவிடுவார்கள்.

வழி கேட்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதுளை, கொஸ்லந்தை, தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் தமிழிலேயே கேட்கலாம். ஆனால் எங்கள் தமிழும் அவர்களுடைய தமிழும் சில இடங்களில் விலகும். எங்களுக்குத் தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும் நட்ட தரை. அவர்களுக்கு முழுத் தேயிலை எஸ்டேட்டும் தோட்டம், அதற்குள் கொழுந்து பறிக்கிற ஒவ்வொரு பகுதியும் 'மலை'. "அந்த மலையைத் தாண்டிப் போங்க" என்றால் சிகரம் ஏறச் சொல்லவில்லை, அந்தத் தேயிலைப் பகுதியைக் கடக்கச் சொல்கிறார்கள். லயன்களுக்கு முன்னால் போகிற பாதை அவர்களுடைய முற்றம். நின்று, "அண்ணை, இதாலை போகலாமோ?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். அனுமதி கேளாமல் வீட்டையும் ஆட்களையும் படம் எடுப்பது எங்கள் வீட்டு வேலிக்குள் வந்து எடுப்பது மாதிரித்தான். சிங்கள ஊர்களில் "எல்லட்ட யன பார கொஹெத?" என்று கேட்டால் நீர்வீழ்ச்சிக்குப் போகும் வழியைக் காட்டுவார்கள். "தஹனம்" என்ற சொல் காதில் விழுந்தால் தடை என்று அர்த்தம், அங்கேயே நில்லுங்கள்.

அட்டையைப் பற்றி ஊரில் பயமுறுத்துவது அதிகம். ஈர இலைச்சருகில் நூல்போல எழும்பி நின்று தலையாட்டும். கணுக்காலில் ஏறினால் பெரும்பாலும் தெரியவே தெரியாது, சப்பாத்தைக் கழற்றும்போது இரத்தம் பார்த்துத்தான் தெரியும். காற்சட்டைக் காலைக் காலுறைக்குள் விடுங்கள், காலுறைக்கு மேலே சவர்க்காரக் கட்டியை உலர்வாக நன்றாகத் தேயுங்கள். கடித்துவிட்டால் பிடுங்காமல், அதன் மெல்லிய முனைக்குக் கீழே நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் காயம் கொஞ்ச நேரம் வடியும். கழுவி அழுத்திக் கட்டினால் நின்றுவிடும்.

அட்டையைவிடக் குளவிக்குத்தான் பயப்பட வேண்டும். கொழுந்து பறிக்கிற பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது மலையகத்தில் அடிக்கடி நடப்பது. சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள், நெருப்பு மூட்டாதீர்கள், மரத்துக்குக் கல் எறியாதீர்கள். சருகின் நிறத்தில் படுத்திருக்கும் சின்ன விரியன்களும் உண்டு. குந்துவதற்கும் கை வைப்பதற்கும் முன் அந்த இடத்தைத் தடியால் தட்டுங்கள்.

ஆறாவது: தண்ணீரண்டை

ஒருமுறை கொஸ்லந்தைப் பக்கத்தில் ஒரு ஓடைக்குப் போயிருந்தோம். பெயர்பெற்ற இடமில்லை. நல்ல வெயில். முழங்காலளவு தண்ணீர், அடியில் கிடந்த கூழாங்கல்லெல்லாம் தெரிந்தது. "மாமா, ஆழமில்லை, நிலம் தெரியுது பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டு தங்கையின் மகன் நடுவில் இருந்த தட்டைப் பாறையில் போய்க் குந்தினான். நானும் கரையில் இருந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். காய்ந்த மானாப்புல் தண்டு ஒன்று மிதந்து வந்தது. பின்னால் இரண்டு. தண்ணீர் பிளேன்ரீயில் பால் ஒரு சொட்டு விட்டது போல லேசாகக் கலங்கியது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேல்பாதையில் விறகுக்கட்டோடு போன ஒரு பெரியவர்தான் கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்: "தம்பி, புள்ளையக் கூட்டிக்கிட்டு மேல ஏறுங்க! தண்ணி கலங்குது!"

அவர் குரலில் இருந்த அவசரத்துக்காகத்தான் எழும்பினேன். பெடியனை இழுத்துக்கொண்டு கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது பாறையின் விளிம்பில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்குள் பாறையைக் காணவில்லை. எங்களுக்கு மேலே அப்போதும் வெயில்தான். மழை மேல் மலையில் பெய்திருக்கிறது. எங்கள் ஊரில் தரை குடிக்கிற மழையை அந்தக் கருங்கற்பாறை குடிக்காது, அப்படியே சரித்துவிடும்.

அன்று தொடக்கம் நான் செய்வது இதுதான். தண்ணீரில் இறங்குமுன் கரையில் பத்து நிமிடம் சும்மா இருந்து பார்க்கிறேன். தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு வெள்ளைக் கல்லை அடையாளம் வைக்கிறேன். அந்தக் கல் நனைந்தால், தண்ணீர் மண்ணிறமானால், இலையும் சுள்ளியும் திடீரென்று கூடி வந்தால், இரைச்சல் மாறினால், மேல் மலையில் கறுப்பு மேகம் கட்டினால், இவற்றில் ஒன்று நடந்தாலே எல்லாரும் வெளியே. யார் சாமான் எடுக்கவும் திரும்பிப் போகக்கூடாது. பாதை எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையிலேயே நாங்கள் உட்காருவோம். மறுகரைக்குப் போய்விட்டால் தண்ணீர் ஏறியதும் திரும்ப வழியில்லை.

அருவி நேராக விழுகிற குளத்தில் நீந்த வேண்டாம். விழுகிற தண்ணீர் அடிக்குப் போய்ச் சுழன்று மேலே வரும், அந்தச் சுழியில் நல்ல நீச்சல்காரரும் அகப்படுவார். மேலேயிருந்து கல்லும் மரக்கொம்பும்கூட விழும். குளிக்க விரும்பினால் ஊர்ச்சனம் குளிக்கிற இடத்தில், அவர்கள் குளிக்கிற ஆழத்தில் குளியுங்கள். ஊர்ச்சனம் யாருமே இறங்காத குளம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். நீர்வீழ்ச்சியின் மேல்பக்கத்தில் நிற்கும்போது விளிம்பிலிருந்து ஐந்தாறு மீற்றருக்குள் போகவே வேண்டாம். அங்கே முழங்காலளவு தண்ணீரே ஆளை இழுக்கும். பாறையில் கறுப்பாகப் பளபளக்கும் இடம் பாசி. வெளிறிக் காய்ந்த இடத்தில் மட்டும் காலை வையுங்கள். மது குடித்தவரை நான் தண்ணீருக்குக் கிட்டவே விடுவதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி.

ஒருவர் அகப்பட்டால் பின்னாலே குதிக்காதீர்கள். சாரம், சேலை, தடி, எது கையில் கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. பள்ளத்துக்குள் சமிக்ஞை இருக்காது. கடைசியாக எந்த இடத்தில் தொலைபேசி வேலை செய்தது என்று நடக்கும்போதே கவனித்து வைத்திருங்கள், ஓட வேண்டியது அந்த இடத்துக்குத்தான்.

ஏழாவது: திரும்பி வந்த பிறகு

கொண்டுபோன குப்பை எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவாருங்கள், முடிந்தால் பக்கத்தில் கிடப்பதையும் ஒரு பை. சவர்க்காரமும் ஷம்பூவும் ஓடையில் பாவிக்காதீர்கள், கீழே அதே தண்ணீரை ஒரு லயன் முழுக்கக் குடிக்கும்.

வீட்டுக்கு வந்து மூன்று கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு வந்தால் வைத்தியரிடம் "மலையகத்தில் ஓடையில் குளித்தேன், காலில் காயம் இருந்தது" என்று நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித் தண்ணீரூடாகக் காயத்துக்குள் போகும். நேரத்துக்கு மருந்து எடுத்தால் மாறும், பிந்தினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலேயே அது பரவி உயிர்களைக் கொண்டுபோனது. எங்கள் ஆட்கள் காய்ச்சல் என்றதும் டெங்கு என்று நினைத்துப் பனடோலோடு இருந்துவிடுவார்கள். அதனால் நான் பயணம் போய்வந்த திகதியைச் சுவர்க் கலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறேன், மூன்று கிழமை முடியும்வரை அந்தத் தாளைக் கிழிப்பதில்லை.